பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

தேன்மொழி: ஆடாதீங்க அண்ணி. லைட்ட நேரா புடிங்க... இன்னும் கிட்ட.

சாந்தினி: கிட்டதான புடிக்கிறேன் தேனு.

தேன்மொழி: பல்லுகுத்துற குச்சி வயர் மாட்டுற துளைக்குள்ளயே உடைஞ்சுச்சுன்னா அவ்வளவுதான்... ஆ, வருது, வருது. பாருங்க, எவ்ளோ சந்தனம்! கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பூச மாட்டாங்க.

சாந்தினி: சிரிக்காத. நீதான அப்புன?

தேன்மொழி: ஆயுத பூஜைன்னா எல்லா ஆயுதத்துக்கும் வைக்கணும்ல? அண்ணனோட காடி சாவி, உங்க கேக் அடிக்கிற மெஷினு, என் ஸ்குரூ டிரைவரு... வரிசையா வச்சுக்கிட்டே வந்தேன். லேப்டாப்ப தூக்குனா இது வால் மாதிரி தொங்குது. சரி, இந்த ஹார்ட் டிஸ்க்கும் ஆயுதம்தான்னு புடுங்கி, பொட்டு வச்சு, சாமி மேசையில வச்சேன்.

சாந்தினி: அதுல லைட்டு மின்னிக்கிட்டு இருந்துச்சே, பார்க்கலையா? நாள் பூரா ஐடி வேலதான பார்க்குற?

தேன்மொழி: சிம்பாங் அம்பாட் ஃபேக்டரியிலதான் நான் ஐடி. அண்ணன் வீட்டுக்கு வந்தா பூஜைக்கு எடுபிடி. ஸ்கிரீன் இருட்டா கெடந்துச்சு. நீங்க டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு பூட்டு போட விட்டுட்டுப் போயிருப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்? நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி? உடனே திருப்பி மாட்டியிருப்பேன்.

சாந்தினி: அவரு முன்னாலயா?

தேன்மொழி: ஏன், சொன்னா என்ன?

சாந்தினி: சாமிகிட்ட வச்சத நடுவுல எடுக்கக் கூடாது. காலைல தீபம் காட்டி பிரிக்கிற வரைக்கும் தொடக் கூடாது. அவரு அதுல எவ்ளோ கண்டிப்புன்னு உனக்குத் தெரியாதா? வந்து பக்கத்துல நின்னாரு. இது என்ன சாந்தின்னாரு. கேக் படம்னேன். அவரு கையாலயே இன்னொரு குங்குமம் வச்சாரு... சிரிச்சாரு.

தேன்மொழி: சிரிச்சாருல்ல, அப்புறம் என்ன?

சாந்தினி: உங்க அண்ணன் சிரிச்சாதான் எனக்கு பயம். யாரு மெசேஜு? ரொம்ப நேரமா உன் ஹேன்போன் அடிச்சுக்கிட்டே இருக்கு.

தேன்மொழி: ஆபிஸ் குரூப்பு. லீவு போட்டாலும் விட மாட்டானுங்க. ம்... துளை சுத்தமாயிருச்சு. மாட்டிப் பார்ப்போமா?

சாந்தினி: இரு. அவரு எப்ப வர்றேன்னாரு?

தேன்மொழி: கார் வாஷ் கடைக்கு காடி கழுவத்தான போயிருக்காரு? ஆயர் ஈத்தாம் பாசார் பக்கம் இன்னிக்கு பூஜை முடிஞ்ச காடிங்க பூரா வரிசையில நிக்கும். சாமந்திப்பூவ பிச்சு எடுக்கவே அரை நாள் ஆகும். மாட்டவா?

சாந்தினி: முருகா... மாட்டு.

தேன்மொழி: காதுகிட்ட வச்சுக் கேளுங்க. கிர்ருன்னு சுத்துதா?

சாந்தினி: சுத்துது. சுத்துது தேனு! ஏதோ எழுத்து வருது... முதல்ல ஃபார்மட் பண்ணணுமாம். பண்ணவா, வேணாமான்னு —

தேன்மொழி: தொடாதீங்க! அண்ணி, கைய எடுங்க!

சாந்தினி: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்! ஏன் கத்துற?

தேன்மொழி: அத அழுத்துனா உள்ள இருக்கிறதெல்லாம் துடைச்சுப் போட்டுரும். அலாமாக்... நல்ல வேள. வேணாம்னு குடுங்க. மெதுவா... ம், அதான்.

சாந்தினி: போச்சா? உள்ள இருந்தது போச்சா தேனு?

தேன்மொழி: தெரியல. இது பாதி பூட்டுன வீடு மாதிரி இருக்கு இப்ப. பாதி ரூமுக்கு பூட்டு விழுந்துருச்சு, மீதிக்கு விழறதுக்குள்ள நான் வயரப் புடுங்கிட்டேன். கம்ப்யூட்டருக்கு இது யாரு வீடுன்னே புரியல. வேற காப்பி இல்லையா? உங்க ஹேன்போன்ல?

சாந்தினி: இல்ல. ஹேன்போன்ல இருந்து இதுக்கு மாத்துனதும் உடனே அழிச்சுருவேன். தினமும் படுக்கப் போறப்ப அவரு என் ஹேன்போன வாங்கிப் பார்ப்பாரு. எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு. இது போச்சுன்னா... இது போச்சுன்னா எனக்கு வேற வழியே கெடையாது.

தேன்மொழி: கேக் படத்துக்கா இப்படி அழறீங்க? உள்ள என்ன இருக்கு அண்ணி?

சாந்தினி: சொன்னேன்ல. படம்தான். ஆர்டர் குடுத்தவங்க படம்... நீ அத தொறக்கிற வழியப் பாரு.

தேன்மொழி: சரி சரி. என் பேக்குல வேற வயர் இருக்கு, அதப் போடுறேன். இந்தப் பக்கத் துளை லூசா இருக்கு, அந்தப் பக்கம் மாட்டுவோம்... உஷ்! யாரோ வர்றாங்க.

சாந்தினி: லிப்ட்டு சத்தம். அவருதான். மூடு, மூடு! லேப்டாப்ப மூடு!

தேன்மொழி: மூடுனா கெட்டுப் போயிரும்... துண்ட மேல போடுங்க.

சாந்தினி: சாவி சத்தம் கேக்குதா?

தேன்மொழி: இல்ல, பக்கத்து வீட்டு கேட்டு. பக்கிரிசாமி அங்கிள் இருமுறாரு பாருங்க.

சாந்தினி: அப்பாடி... அவருதான்னு பயந்தே போயிட்டேன்.

தேன்மொழி: எனக்கு மட்டும்? சும்மா கேக் படம் பார்க்க இவ்ளோ பயந்தது நாமளாத்தான் இருக்கும். உக்காருங்க, உக்காருங்க. பாருங்க... பூட்டுப் படம் வந்துருச்சு! ஃபார்மட் கேக்கல. பாஸ்வேர்டு கேக்குது. போடுங்க.

சாந்தினி: நீ திரும்பிக்க.

தேன்மொழி: ஓ, என்கிட்டயே ரகசியமா? சரி, திரும்பிக்கிட்டேன்.

சாந்தினி: ...தப்புங்குது.

தேன்மொழி: நிதானமா போடுங்க.

சாந்தினி: போட்டேன். திரும்பவும் தப்புங்குது. நான் மறக்கல தேனு, சத்தியமா இதேதான். மனசுக்குள்ள நூறு தடவ சொல்லிப் பார்த்திருக்கேன்.

தேன்மொழி: உங்க தப்பு இல்ல. பாதியில அறுந்ததுல அது பாஸ்வேர்ட மதிக்க மாட்டேங்குது. பரவால்ல, இதுக்குன்னே அவசர சாவி ஒண்ணு இருக்கு. ரெக்கவரி கீ. பூட்டு போடறதுக்கு முன்னால, இத எங்க சேமிக்கன்னு கேட்டிருக்குமே?

சாந்தினி: கேட்டுச்சு. நீள நம்பரு.

தேன்மொழி: அதேதான்! எங்க வச்சீங்க?

சாந்தினி: பேப்பர்ல எடுக்கவான்னு கேட்டுச்சு. வீட்ல பேப்பர் எங்க வச்சாலும் அவரு கண்ணுல படும். அப்புறம் உங்க அக்கவுண்ட்ல வைக்கவான்னு கேட்டுச்சு. சரின்னு அழுத்துனேன்.

தேன்மொழி: எந்த அக்கவுண்ட்டு?

சாந்தினி: உங்க அக்கவுண்ட்டுன்னுதான் போட்டிருந்துச்சு. நான்தான உக்காந்திருந்தேன்? அப்ப என்னோடதுதான?

தேன்மொழி: அண்ணி... இந்த லேப்டாப் யாரு வாங்குனது? யாரு பேர்ல ஓடுது?

சாந்தினி: ...அவரு பேர்ல.

தேன்மொழி: அப்ப அதுக்கு அண்ணன்தான் நீங்க.

சாந்தினி: ஐயோ. ஐயோ தேனு... அவருகிட்டயா குடுத்தேன்? அவருக்குத் தெரியக் கூடாதுன்னு பூட்டிட்டு, அந்த சாவிய அவரு சட்டப் பையிலயே கொண்டு போய் போட்டேனா?

தேன்மொழி: கத்தாதீங்க. அவரு இன்னும் பார்த்திருக்க மாட்டாரு. நான் அண்ணனோட அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய் நம்பர மட்டும் எடுத்துக்கிறேன்...

சாந்தினி: என்ன கேக்குது?

தேன்மொழி: இருங்க...

சாந்தினி: என்ன அது, நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு?

தேன்மொழி: இந்த நம்பர அண்ணன் அவரு ஹேன்போன்ல அழுத்துனாதான் உள்ள விடும்.

சாந்தினி: அப்ப வேணாம். வெளிய வா. மூடிரு!

தேன்மொழி: லேட்டாயிருச்சு அண்ணி. அவரு ஹேன்போனுக்குப் போயிருச்சு.

சாந்தினி: நீ ஏன் அழுத்துன? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ...பாரு. அடிக்குது. என்னோடது அடிக்குது. அவருதான்.

தேன்மொழி: எடுங்க. எடுக்காட்டிதான் சந்தேகம் வரும். ஸ்பீக்கர்ல போடுங்க.

சாந்தினி: ஹலோ...

சோமு: சாந்தி. சாப்டியாம்மா?

சாந்தினி: ம்... இனிமேதாங்க.

சோமு: யாரோ என் அக்கவுண்ட தொறக்கப் பாக்குறாங்களாம். நம்ம லேப்டாப்புல இருந்து. என்கிட்ட நம்பர் கேக்குது. யாரும்மா அது?

சாந்தினி: அது... அது வந்து...

தேன்மொழி: நான்தாண்ணே! ஆபிஸ் ஃபைல் ஒண்ணு அவசரமா வேணும். என் லேப்டாப்ப எடுத்துட்டு வரல, அதான்...

சோமு: நீயா. சரி. என்ன நம்பர்?

தேன்மொழி: நாப்பத்தேழு.

சோமு: அழுத்திட்டேன். இங்க எனக்கு முன்னால நாலு காடி நிக்குது. முடிச்சுட்டு வர்றேன். சாந்தி, கதவ உள்பக்கம் தாப்பா போடாத. என்ன?

சாந்தினி: சரிங்க.

தேன்மொழி: ...வச்சுட்டாரு. உள்ள விட்டுருச்சு அண்ணி! இதோ இருக்கு, நம்பர் வரிசையா...

சாந்தினி: அவரு ஒரு கேள்வி கூட கேக்கல.

தேன்மொழி: தங்கச்சின்னா கேப்பாரா?

சாந்தினி: உப்பு வாங்க கீழ போனாக்கூட எந்தக் கடை, யாரு இருந்தா, ஏன் இவ்ளோ நேரம்னு கேக்குறவரு தேனு. அவரோட அக்கவுண்ட தொறக்குறோம், ஏன்னு கேக்கல. எனக்கு பயமா இருக்கு.

தேன்மொழி: எல்லாத்துக்கும் பயந்தா எப்படி? நம்பர எழுதிக்குவோம். என்கிட்ட பேனா இருக்கு. பேப்பர்...

சாந்தினி: பேப்பர் வேணாம். வெளிய போறப்ப அவரு என் பேக்க கொட்டிப் பார்ப்பாரு.

தேன்மொழி: எங்க போறீங்க?

சாந்தினி: ...எங்கயாச்சும் போனா.

தேன்மொழி: அப்ப கையிலயே எழுதிடறேன். பாஜூ கூரோங் போட்டிருக்கீங்க, நீட்டக் கை, யாருக்கும் தெரியாது. இந்த வெயில்ல எப்படித்தான் இதப் போட்டுக்கிட்டு இருக்கீங்களோ... நீட்டுங்க.

சாந்தினி: கை வேணாம். கால்ல எழுது.

தேன்மொழி: கால்ல எழுதுனா நீங்க எப்படிப் படிப்பீங்க, யோகாசனம் பண்ணியா? நீட்டுங்க அண்ணி, நேரமாச்சு. இந்தக் கைய கொஞ்சம் மடிச்சு விட்டா...

சாந்தினி: தேனு, வேணாம்னு சொல்றேன்ல —

தேன்மொழி: இது எப்ப?

சாந்தினி: நீ வர்றதுக்கு முந்துன நாளு.

தேன்மொழி: அந்தக் கையக் குடுங்க.

சாந்தினி: அது இத விட மோசம். எழுது தேனு. இதுலயே எழுது. கறுத்துப் போனதுக்குக் கீழ இடம் இருக்கு. அழுத்தாம எழுது.

தேன்மொழி: வலிக்குதா?

சாந்தினி: நீ எழுதறது வலிக்கல.

தேன்மொழி: ...எழுதியாச்சு. இப்ப படிங்க, நான் தட்டுறேன். ஆறாறா படிங்க. மெதுவா.

சாந்தினி: கண்ணு மங்குது... இரு, துடைச்சுக்கிறேன்.

தேன்மொழி: ம். ம். அடுத்தது... கடைசி ஆறு... அழுத்துறேன்... தொறந்துருச்சு.

சாந்தினி: எல்லாம் இருக்கா? முருகா... இருக்கு, இருக்கு. எல்லாம் இருக்கு. மூடு. போதும், மூடிரு.

தேன்மொழி: பேர் மட்டும் இருந்தா போதாது அண்ணி. பாதியில அறுந்தது. ஒண்ணாவது ஓடுதான்னு பார்க்கணும்.

சாந்தினி: நீ பார்க்க வேணாம். உனக்கு அவரு அண்ணன்.

தேன்மொழி: ஒண்ணு மட்டும்...

லேப்டாப்: ரேடியோவ கூட்டு. இன்னும் கூட்டுடி. ம்... இப்ப சொல்லு. யாருகிட்ட பேசுன?

லேப்டாப்: அம்மாகிட்டதாங்க... அம்மாகிட்டதான் பேசுனேன்...

லேப்டாப்: மூஞ்சிய மறைக்காத. கைய எடு. எடுன்னா எடு!

சாந்தினி: நிப்பாட்டு!

தேன்மொழி: நிப்பாட்டிட்டேன்... அண்ணி, அந்த ரேடியோ சத்தம். நான் வந்து தங்குறப்ப கூட கேட்டிருக்கேன். அண்ணனுக்கு காது மந்தமாயிருச்சு போலன்னு காலைல உங்ககிட்டயே கிண்டல் பண்ணேன்.

சாந்தினி: பண்ணின. நானும் சிரிச்சேன்.

தேன்மொழி: சுவருக்கு இந்தப் பக்கம்தான படுத்திருந்தேன்...

சாந்தினி: அழாத. இப்ப அழ நேரமில்ல. உன்கிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்க. சூலியா தெருவுல சலேஹா அக்கான்னு ஒருத்தங்க, என்ன மாதிரி அடிபடுற பொம்பளைங்களுக்கு வக்கீல் புடிச்சுக் குடுக்குறவங்க. காசு மாத்துற கடைக்கு மேல அவங்க ஆபிஸ். இத கொண்டு வா, அவரு உன் பக்கத்துல வரக் கூடாதுன்னு நாளைக்கே கோர்ட்டுல உத்தரவு கேக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இது இல்லாம போனா, உங்க அண்ணன் ஒரு சிரிப்பு சிரிச்சா போதும், எல்லாரும் அவரத்தான் நம்புவாங்க. வழியில அவரு கையில மாட்டுனாலும் தொறக்க முடியாம இருக்கணும்னுதான் பூட்டு போட்டேன்.

தேன்மொழி: எப்ப போறதா இருந்தீங்க?

சாந்தினி: இன்னிக்கு. அவரு காடி கழுவப் போற நேரத்துல. வருஷத்துல ஒரு நாள்தான் அவரு இவ்ளோ நேரம் என்ன விட்டுட்டு வெளிய நிப்பாரு.

தேன்மொழி: அப்ப கெளம்புங்க. நான் என் ஹேன்போன்ல கிராப் டாக்சி கூப்பிடுறேன். உங்களோடத இங்கயே வச்சுட்டுப் போங்க, நீங்க எங்க இருக்கீங்கன்னு அது காட்டிக் குடுத்துரும். ஐசி, அடையாள அட்டை இருக்கா?

சாந்தினி: மாவு டப்பாவுல இருக்கு. நீயும் வந்துரு தேனு. நான் போனது தெரிஞ்சா உன்ன விட்டு வைப்பாரா?

தேன்மொழி: எனக்கும் அவருன்னா பயம்தான் அண்ணி. சின்னதுல இருந்தே.

சாந்தினி: தெரியும். அவரு போன் பண்ணாக்கூட நீ எந்திரிச்சு நின்னுதான் பேசுவ.

தேன்மொழி: கிராப் வருது, கீழ பஸ் ஸ்டாப்புல ஏறிக்கங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

சாந்தினி: அப்புறம் சொல்லு. வயரக் கழட்டவா?

தேன்மொழி: இப்பவே சொல்லணும். நீங்க என்னய நம்பி... நேத்து பூஜை முடிஞ்சதும் அண்ணன் என்ன தனியா கூப்பிட்டு —

சாந்தினி: உன் ஹேன்போன் அடிக்குது.

தேன்மொழி: ஆபிஸ்ல இருந்து. விடுங்க.

சாந்தினி: பேரு தெரியுது தேனு. எடு. ஸ்பீக்கர்ல போடு.

தேன்மொழி: வேணாம் அண்ணி. கேக்காதீங்க. நீங்க போங்க...

சாந்தினி: போடு.

சோமு: என்ன தேனு, காலைல இருந்து எத்தன மெசேஜ் போடுறேன், பதிலே இல்ல? தொறந்துச்சா?

தேன்மொழி: அண்ணே...

சோமு: நேத்து என்ன சொன்னேன்? உதவி பண்ற மாதிரி பக்கத்துல உக்காந்து, அத தொறக்க வச்சு, உள்ள என்ன வச்சிருக்கான்னு பார்த்து சொல்லுன்னேன்ல? அதுக்குத்தான நம்பரையும் அழுத்துனேன்? காடி முடிஞ்சுருச்சு, கெளம்பிட்டேன். சொல்லு. என்ன வச்சிருக்கா?

தேன்மொழி: ...

சோமு: தேனு. அவ பக்கத்துல இருக்காளா?

தேன்மொழி: இல்லண்ணே, குளிக்கிறாங்க. தொறந்து பார்த்துட்டேன்... உள்ள ஒண்ணுமே இல்ல, நான் பாதியில புடுங்குனதுல எல்லாம் அழிஞ்சு போச்சு. நீங்க அவசரப்படாம மெதுவா வாங்க... கதவு சத்தமா? பக்கத்து வீட்டு கேட்டுண்ணே... நான் எங்கயும் போகலண்ணே, வீட்லதான் இருக்கேன்.